கண்ணாடித் தொட்டிக்கு ஒரு சூரியன்!

சென்னையில் கொளத்தூர் என்றால் அலங்கார மீன் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனால், தண்ணீர் நிரப்பிய பைகளில் மீன்களைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் பிள்ளையுமாக வருகிறவர்களைக் காணலாம். முன்பெல்லாம் மீன் வாங்கினால் அதோடு வேலை முடிந்தது. பிளாஸ்டிக் செடி ஒன்றைக் குத்திவைத்து, ஒரு பொம்மைக் கோட்டையையும் உள்ளே போட்டுவிடுவார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. மீனைவிடச் செடியின் மேல் ஆசை கொண்டவர்கள் பெருகிவிட்டார்கள். தண்ணீருக்கு அடியில் உயிருள்ள தோட்டம் போடவேண்டும் என்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். தொட்டி வாங்கியாயிற்று, மண் வாங்கியாயிற்று, செடியும் மீனும் வாங்கியாயிற்று. கடைசியில் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கிறார்: "லைட்டு எது வேணும் சார்?"

வீட்டுக்காரர் யோசிப்பதே இல்லை. "இருக்கிறதிலேயே நல்லா பளிச்சுன்னு எரியறதாக் குடுங்க!"

தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது. முதல் வாரம் தொட்டி பட்டுப்போல ஜொலிக்கிறது, விருந்தாளிகள் மெச்சுகிறார்கள். மூன்றாவது வாரம் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள். ஐந்தாவது வாரம் இலைகளின் மேல் தலைமயிர்போல் பாசி. தேய்க்கிறார்கள், கழுவுகிறார்கள், தண்ணீரை மாற்றுகிறார்கள். இரண்டு நாளில் பாசி மறுபடியும் வந்துவிடுகிறது. மூன்றாவது மாதம் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. போட்ட பணம் போகட்டும், அதில் இருந்த மீன்களின் கதி?

செடித் தொட்டிகள் கெடுவது வெளிச்சம் போதாமல் என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். அனுபவஸ்தர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். வெளிச்சம் அதிகமாகிக் கெட்ட தொட்டிகளே ஏராளம்!

இலையில் பூத்த குமிழி

தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு வெளிச்சம் எதற்கு? இதைக் கண்டறிந்தவர் ஜான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு வைத்தியர். 1779-ல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது அவர் இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தார். இலைகளின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் பூத்தன. இருட்டில் வைத்தபோது குமிழிகள் நின்றுவிட்டன. அந்தக் குமிழிகளில் இருந்தது பிராணவாயு. பச்சை இலை பிராணவாயுவைத் தரும், ஆனால் வெளிச்சம் இருந்தால்தான் தரும் என்ற உண்மை இப்படித்தான் வெளிவந்தது. இன்றைக்கும் நன்றாக வளரும் செடித் தொட்டியில் மாலை வேளையில் இலை நுனியிலிருந்து முத்துமுத்தாகக் குமிழி கிளம்பும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபடுகிறார்கள்!

அதற்குச் சுமார் 70 ஆண்டுகள் கழித்து, லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் ஒரு தொட்டியில் பொன்மீன்களையும் வாலிஸ்னீரியா என்னும் நீண்ட இலைச் செடியையும் சேர்த்து வளர்த்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவேண்டியதே இல்லை என்பது அவர் எண்ணம். சோதனையின் முடிவை 1850-ல் வெளியிட்டார். ஆனால் நடுவில் ஒரு சங்கடம் வந்தது. பழைய இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியெல்லாம் பாசி! வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகல் இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன. மீனும் செடியும் சேர்ந்த தொட்டி பிறந்தபோதே பாசியும் கூடப் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

வயிறு நிறையாத செடி

பாசி என்ற ஒரே சொல்லால் நம் ஊரில் இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். ஏரியில் மண்டிக் கிடக்கும் ஹைட்ரில்லாவும் பாசி, கண்ணாடியில் படரும் வழவழப்பும் பாசி! இங்கே பாசி என்பது இரண்டாவது ரகத்தைத்தான். அது மிகச் சாதாரண உயிர். கொஞ்சம் கிடைத்தால் போதும், பெருகிவிடும். செடி அப்படியல்ல. அதற்கு மூன்று சாமான்கள் வேண்டும்: வெளிச்சம், கரியமிலவாயு, உரச் சத்து. மூன்றில் எது குறைவோ அதுதான் வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். ஜெர்மானிய விஞ்ஞானி லீபிக், வயலில் விளையும் பயிருக்கென்று 19-ம் நூற்றாண்டில் பிரபலப்படுத்திய விதி இது. தொட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுப்பில் ஜ்வாலையை ஏற்றினால் மட்டும் சாதம் அதிகமாகிவிடுமா? அரிசியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். வெறும் ஜ்வாலையை ஏற்றினால் பானைதான் அடிப்பிடிக்கும்.

தொட்டியில் பெரும்பாலும் முதலில் குறைந்துபோவது கரியமிலவாயு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. இலையை ஒட்டியிருந்த வாயு தீர்ந்தபின் செடி அடுத்த வாய்ச் சோற்றுக்குக் காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் மேலே விளக்கு சக்கைப்போடு போட்டுக் கொண்டிருந்தால் என்ன லாபம்? பட்டினி கிடக்கும் செடி நலிகிறது. நலிந்த இலையின் மேல் பாசி குடியேறுகிறது. மிஞ்சிய வெளிச்சம் முழுவதும் அதற்குத்தான் விருந்து.

இதனால்தான் பலமான விளக்கு போடுகிறவர்கள் சிறிய உருளையில் கரியமிலவாயுவை அடைத்துவைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலக்கவிடுகிறார்கள். உருளை, குழாய், திறப்பான் என்று செலவு ஏறும். அளவு மிஞ்சினால் மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறக்கும். இந்தச் செலவுக்கும் கவனத்துக்கும் தயாராக இல்லாதவர், பலமான விளக்கின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

செடியைக் கேட்டு விளக்கு வாங்கு!

ஆகையால் கடைக்குப் போகுமுன் தீர்மானிக்கவேண்டியது விளக்கை அல்ல, செடியை.

இலங்கையின் நிழலோடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வென்ட்டி என்ற செடி இருக்கிறது. மரநிழலிலேயே பிறந்து வளர்ந்த ஜாதி. மங்கலான விளக்கே அதற்குப் போதும். தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்ன், ஆப்பிரிக்காவின் அனூபியாஸ் ஆகியவையும் அப்படித்தான். கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட்டால் நிதானமாக வளரும். அனூபியாஸ் ஒரு புது இலை விடுவதற்குள் பொறுமையில்லாதவருக்கு அலுத்தே போய்விடும்! அந்தச் செடியைப் பலமான விளக்குக்கு நேர் கீழே வைத்தால், பல நாள் நிலைத்து நிற்கும் அதன் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி அப்பிக்கொள்ளும்.

நமது ஏரி குளங்களில் கிடைக்கும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்னீரியாவும் நடுத்தரம். ஆம்பல் குடும்பத்துச் செடிகளையும், கொட்டிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தவற்றையும்கூடத் தொட்டியில் வளர்க்கிறார்கள். இவை கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும். ஆனால் அடம் பிடிக்காது.

அடம் பிடிக்கும் ஜாதி வேறே இருக்கிறது. ரோட்டாலா மாக்ராண்ட்ரா என்று ஒன்று. தென்னிந்தியாவே அதற்குத் தாய்வீடு. குங்குமச் சிவப்பில் இலை விடும்; பார்த்தவர் கண் அகலாது. ஆனால் அதற்குப் பலமான வெளிச்சமும் வேண்டும், கரியமிலவாயுவும் வேண்டும், சத்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் உருகிப்போய்விடும். முதல் தொட்டியிலேயே இந்தச் சிவப்பழகியை வாங்கி நட்டு ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

வாட் கணக்கு பொய்த்தது

ஒரு காலத்தில் தொட்டி விளக்குக்குச் சுலபமான வாய்ப்பாடு இருந்தது. அமெரிக்க காலன் ஒன்றுக்கு 2 வாட். அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீருக்கு 2 வாட் டியூப் லைட். டியூப் லைட் ஒன்றே கதியாக இருந்த நாளில் இந்தக் கணக்கு ஒருவாறு சரியாக இருந்தது. இன்று எல்.இ.டி. வந்துவிட்டது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவே தவிர, அது தரும் வெளிச்சத்தின் அளவு அல்ல. பழைய வாய்ப்பாட்டைப் புதிய விளக்குக்குப் போட்டால் ஆபத்து!

எப்படி என்று பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டிதான் நம் வீடுகளில் சகஜம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை அளக்க லூமன் என்ற அளவு உண்டு. விளக்குப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்றால் மந்தமான வெளிச்சம். 20 முதல் 40 வரை நடுத்தரம். அதற்கு மேல் பலமானது என்பது செடித் தொட்டிக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு.

பழைய வாய்ப்பாட்டின்படி இந்தத் தொட்டிக்கு 30 வாட் வேண்டும். 30 வாட் எல்.இ.டி. வாங்கினால், வாட்டுக்கு 100 லூமன் வீதம் 3,000 லூமன் கொட்டும். லிட்டருக்கு 66! நிழலில் வளரும் செடியின் தலையில் சித்திரை வெயிலைக் கொட்டியதுபோல்தான்.

அதே தொட்டிக்கு, வீட்டில் சாதாரணமாக மாட்டுகிற இரண்டடி நீள 10 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று போதும். சுமார் 1,000 லூமன், லிட்டருக்கு 22. கிரிப்டோகோரைனும் வாலிஸ்னீரியாவும் அதில் சுகமாக வளரும். "தொட்டி விளக்கு" என்று பெயர் எழுதிய பெட்டியில் வந்தால்தான் செடிக்குப் பிடிக்கும் என்பதில்லை. ஆனால் தொட்டி ஓரடியைவிட உயரமானால் இந்தக் கணக்கு மாறும். ஆழம் கூடக்கூட அடியில் உள்ள செடிக்குச் சேரும் வெளிச்சம் குறையும். விளக்கைத் தொட்டிக்கு மேலே சில அங்குலம் உயர்த்தினாலும் அப்படியே. பலமான விளக்கை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் அதை உயரத் தூக்கிக் கட்டியே பாதி தொல்லையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடாதா என்றால், கூடாது. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டுக் கூடத்து விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டு இந்தப் பெரிய வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. செடிக்கு அப்படியொரு கண் கிடையாதே!

ஊதா விளக்கின் மோசடி

கடையில் இன்னொரு கவர்ச்சியும் காத்திருக்கிறது. ஊதாவும் ரோஜாவுமாக எரியும் விளக்கைக் காட்டி, "செடிக்கென்றே செய்தது" என்பார்கள். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1882-ல் எங்கல்மான் என்ற ஜெர்மானியர், பாசி இழை ஒன்றின் மேல் பட்டகத்தால் பிரித்த வானவில் ஒளியை விழச்செய்தார். பிராணவாயுவைத் தேடி ஓடும் நுண்கிருமிகளைப் பக்கத்தில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன. அந்த நிறங்களில்தான் செடி அதிகமாக வேலை செய்கிறது என்பது தெரிந்தது. அருமையான சோதனை, சந்தேகமில்லை. ஆனால் 1972-ல் அமெரிக்காவில் மக்ரீ என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களை வைத்து அளந்து பார்த்தபோது, பச்சை ஒளியையும் இலை கணிசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது நிரூபணமாயிற்று.

ஆகவே வெள்ளை வெளிச்சமே போதும். பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும்; 6,500 என்றிருந்தால் பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை. 5,000 முதல் 7,000 வரை எதுவும் சரி. 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கிலும் செடி வளரும். ஆனால் தொட்டி தேநீர் நிறத்தில் தெரியும். நீலம் பாய்ந்த 10,000 கெல்வினுக்கு மேற்பட்டவை கடல் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு உகந்தவை. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சில்லுகள் பதித்த விலையுயர்ந்த விளக்கில் சிவப்புச் செடி இன்னும் சிவப்பாகத் தெரியும் என்பது உண்மை. அந்த அழகுக்காகப் பணம் கொடுக்கலாம். செடியின் உயிருக்காகக் கொடுப்பதாக நினைக்கவேண்டியதில்லை.

இரண்டு அமானோக்கள்

தண்ணீருக்குள் தோட்டம் போடுவதைக் கலையாக்கியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1954-ல் பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரராகவும் புகைப்படக்காரராகவும் இருந்தவர். 1982-ல் நீகாட்டாவில் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 2015-ல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் 40 மீட்டர் நீளத் தொட்டியில் ஒரு நீரடிக் காட்டையே உண்டாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 61-வது வயதில் காலமானார்.

அவருடைய தொட்டிகளின் மேலே 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொங்கும் படங்களைப் பார்த்துத்தான் பலருக்குப் பலமான விளக்கின் மேல் மோகம் பிறந்தது. ஆனால் படத்தில் தெரியாத விஷயங்கள் சில உண்டு. தொட்டிக்குள் கரியமிலவாயு போய்க்கொண்டிருந்தது. அடியில் சத்து மண். அடிக்கடி தண்ணீர் மாற்றம். பாசி தின்ன இறால் பட்டாளமே வேலை செய்தது. அந்த இறாலுக்கு இன்று அமானோ இறால் என்றே பெயர்! இவ்வளவையும் விட்டுவிட்டு விளக்கை மட்டும் காப்பியடித்தால் எப்படி?

மெட்டல் ஹாலைடின் காலம் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. நம் ஊருக்கு அது ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. அடுப்புப்போல் உஷ்ணத்தைக் கக்கும். சென்னையில் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டுகிறது. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கு மூச்சு முட்டும், செடியும் வாடும். இந்தச் சங்கடத்தைப் பெருமளவு தீர்த்தது எல்.இ.டி. அதற்கு வழிசெய்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் பெயரும் அமானோதான்! ஹிரோஷி அமானோ. தொட்டிக் கலைஞர் அமானோ வேறு, இவர் வேறு.

எத்தனை மணி நேரம்?

விளக்கின் பலத்தைப்போலவே முக்கியம், அது எரியும் நேரம். புதுத் தொட்டிக்கு நாளைக்கு 6 மணி நேரம் போதும். செடி வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்டபிறகு 7, 8 மணி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள விளக்காக இருந்தால் பாதி வெளிச்சத்தில் ஆரம்பிப்பது உத்தமம். காலையில் ஆபீசுக்குப் போகுமுன் போட்டுவிட்டு இரவு படுக்கும்போது அணைப்பது பலருடைய வழக்கம். அது 14 மணி நேரமாகிவிடுகிறது! ஒரு சாதாரண டைமர் வாங்கி மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. வீட்டில் இருக்கும்போது பார்க்கவேண்டும் என்றால் மாலை 4 மணிக்கு ஆரம்பித்து இரவு 10 மணிக்கு அணையும்படி வைக்கலாம். செடிக்குச் சூரோதயக் கணக்கு தெரியாது.

மீனுக்கும் இருட்டு வேண்டும். அதற்குக் கண்ணிமை இல்லை. வெளிச்சம் அணைந்தால்தான் ஓய்வு. நிழலான காட்டோடைகளிலிருந்து வந்த நியான் டெட்ரா போன்ற மீன்கள் பலமான விளக்கின் கீழ் நிறம் வெளிறி, கட்டைக்கு அடியிலேயே பதுங்கிக்கிடக்கும். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டால் வெளியே வரும்.

தொட்டியை ஜன்னலோரம் வைத்து இலவச வெயிலைப் பிடிக்கலாமே என்ற யோசனையும் சிலருக்கு உண்டு. மேற்கு ஜன்னல் என்றால் வேண்டவே வேண்டாம். மூன்று மணி வெயில் நேராக விழுந்தால் தண்ணீரும் கொதிக்கும், பாசியும் கொண்டாடும்.

பாசி வந்துவிட்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். முதலில் விளக்கை ஒரு மணி, இரண்டு மணி நேரம் குறைத்து, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மாறாகத் தண்டுகள் ஒல்லியாக நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, கீழ் இலைகள் உதிர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அப்போது கொஞ்சம் ஏற்றலாம்.

செலவு? 10 வாட் விளக்கு நாளைக்கு 7 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 2 யூனிட்டுக்குச் சற்று அதிகம். 150 வாட் விளக்கென்றால் 31 யூனிட்டைத் தாண்டும்.

கடைசியாக, மாட்டும் முறை. விளக்குக் கம்பி தொட்டியிலிருந்து நேராகச் சுவரிலுள்ள பிளக்குக்குப் போகக்கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏறவேண்டும். கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் மின்கசிவைக் கண்டால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குள் கை விடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டே விடவேண்டும்.